கொட்டகையில் பிறந்த விமானங்கள்



விமானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? பெரிய தொழிற்சாலை, வெள்ளைச் சட்டை அணிந்த பொறியியலாளர்கள், கோடிக்கணக்கான பணம். இது நம்மைப் போன்ற சாதாரண மக்களுக்கு எட்டாத காரியம் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில், வேலை முடிந்த மாலை நேரங்களில், வாளும் இழைப்புளியும் சுத்தியலும் கொண்டு விமானம் கட்டி, அதில் தாங்களே ஏறிப் பறந்த மனிதர்களின் வரலாறு ஒன்று உண்டு. அது நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் பார்க்கப் போகிறோம். அதிலும் சிறப்பாக, விமானத்தின் உடற்கூடு எவ்வாறு கட்டப்பட்டது என்பதை விளக்கமாகக் காண்போம்.

உடற்கூடு என்றால் என்ன? விமானத்துக்கு இறக்கை உண்டு, எஞ்சின் உண்டு, வால் உண்டு. இறக்கை மேலே தூக்குகிறது. எஞ்சின் முன்னே இழுக்கிறது. வால் திசை தவறாமல் காக்கிறது. இவை மூன்றையும் ஒன்றாகப் பிணைத்து, நடுவிலே மனிதனையும் உட்கார வைத்துக்கொள்ளும் பகுதியே உடற்கூடு. இதற்கு வரும் சோதனைகள் பல. முன்னால் எஞ்சின் இடைவிடாது அதிர்கிறது. பின்னால் வாலைக் காற்று மேலும் கீழும் தள்ளி உடலை வளைக்கப் பார்க்கிறது. தரையிறங்கும்போது கீழிருந்து அடி விழுகிறது. இவை அனைத்தையும் தாங்க வேண்டும். ஆனால் கனமும் கூடாது. கனம் கூடினால் விமானம் எழாது. வலுக் குறைந்தால் எழுந்த விமானம் திரும்பி வராது. இந்த இரண்டுக்கும் நடுவே வழி கண்டதுதான் உடற்கூட்டின் கதை.

முதலில் பிரான்ஸ் நாட்டுக்குச் செல்வோம். 1909-ஆம் ஆண்டு. பாரிஸ் நகருக்கு அருகில் சிறிய விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. அதன் பெயர் தெமுவாசெல். அதைக் கட்டியவர் ஆல்பெர்ட்டோ சாந்தோஸ் துமோன். இவர் 1873-இல் பிரேசில் நாட்டில் பிறந்தவர். பெரிய காப்பித் தோட்ட முதலாளியின் மகன். தோட்டத்தில் ஓடிய இரயில் எஞ்சினையும் காப்பிக்கொட்டை பதப்படுத்தும் இயந்திரங்களையும் பார்த்து வளர்ந்தே இயந்திரங்களின்மீது ஆசை கொண்டார். பிரேசிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1888-இல்தான் என்பதையும் நாம் மறக்கலாகாது. காப்பித் தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்கள் வேறு. அந்தச் செல்வத்தில் பாரிஸ் சென்று பரிசோதனை செய்ய ஓய்வு கிடைத்தவர் வேறு. எனினும் இந்த முதலாளி மகன் செய்த ஒரு செயலுக்காக வரலாறு அவரை நன்றியுடன் நினைக்கிறது.

அவருடைய தெமுவாசெல் விமானத்தின் உடற்கூடு எதனால் ஆனது தெரியுமா? மூங்கிலால் ஆனது! ஆம், நாம் கல்யாணப் பந்தலுக்கு நடும் அதே மூங்கில். மூன்று நீண்ட மூங்கில்களை முக்கோண வடிவில் நிறுத்தி, இடையிடையே குறுக்குச் சட்டங்கள் வைத்து, மெல்லிய எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டியிருந்தார். ஓட்டுபவர் இல்லாமல் விமானத்தின் எடை ஏறத்தாழ 110 கிலோதான். ஓட்டுபவர் இறக்கைக்குக் கீழே, சக்கரங்களுக்கு நடுவே, தாழ்வான ஓர் இருக்கையில் அமர்ந்து பறந்தார். சாந்தோஸ் துமோன் உருவத்தில் மிகச் சிறியவர். அவருக்கு ஏற்ற அளவில் அது அமைந்திருந்தது.

மூங்கில் ஏன்? மூங்கில் உள்ளே வெறுமையானது. பொருள் முழுவதும் சுற்றுப்புறத்தில் இருக்கிறது. வளைக்கும்போது மிகுந்த இழுப்பும் அழுத்தமும் வருவது சுற்றுப்புறத்தில்தான். நடுவில் அதிகம் வருவதில்லை. ஆகவே நடுவில் வீணாகக் கனம் சேர்க்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் வலுவை வைத்திருக்கிறது இயற்கை. பிற்காலத்தில் எஃகுக் குழாய்களால் உடற்கூடு கட்டியவர்களும் இதே தத்துவத்தைத்தான் பின்பற்றினார்கள்.

சாந்தோஸ் துமோன் இந்த விமானத்துக்குத் தனியுரிமை கோரவில்லை. விரும்பியவர் யாரும் கட்டிக்கொள்ளலாம் என்று வரைபடங்களை உலகத்துக்கு வழங்கிவிட்டார். 1910-இல் அமெரிக்கப் பத்திரிகையான ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ அந்த வரைபடங்களை வெளியிட்டது. விமானம் கட்டும் அறிவு, சில காசு கொடுத்துப் பத்திரிகை வாங்கும் எவருக்கும் கிடைத்தது. வீட்டில் விமானம் கட்டும் மரபு இந்தத் திறந்த மனத்திலிருந்தே வளர்ந்தது என்று சொல்லலாம்.

ஆனால் நேயர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. உயிரோடு சம்பந்தப்பட்ட ஓர் அறிவை எல்லார் கையிலும் கொடுத்துவிடலாமா? அரைகுறையாகக் கற்றவன் அதைக் கொண்டு தன் உயிரையே போக்கிக்கொள்ள மாட்டானா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

அடுத்து நாம் காணவிருப்பவர் முதலாளி மகன் அல்லர். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்ற சிறு கிராமத்தில் வாழ்ந்த பெர்னார்ட் பீட்டன்போல். பிறந்தது 1901-இல். பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்றவர். கார்களையும் வானொலிப் பெட்டிகளையும் பழுது பார்த்துப் பிழைத்தவர். கல்லூரிக்குப் போய் விமானக் கலை படிக்க அவருக்கு வசதி இல்லை. ஆனால் படிக்கும் பழக்கம் இருந்தது. பார்த்ததைக் கையால் செய்து பார்க்கும் துணிவும் இருந்தது.

அக்காலத்தில் விமான எஞ்சின் மிகுந்த விலை. பீட்டன்போல் வேறு வழி தேடினார். சாலையில் ஓடும் ஃபோர்டு காரின் எஞ்சின் ஏன் வானத்தில் ஓடக்கூடாது? முதலில் மாடல் டி என்ற பழைய கார் எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார், வலுப் போதவில்லை. பிறகு, சுமார் 40 குதிரைச் சக்தி கொண்ட மாடல் ஏ எஞ்சின் வந்தது. 1929-இல் அந்த எஞ்சினைப் பொருத்திய இரண்டு இருக்கை விமானம் வெற்றிகரமாகப் பறந்தது. அதற்கு ஏர் கேம்பர் என்று பெயர். கார் எஞ்சினால் விமானம் பறக்காது என்று பத்திரிகை ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். பீட்டன்போல் வாதம் செய்யவில்லை. 1930-இல் தம் விமானங்களை மினியாப்பொலிஸ் நகருக்கே பறக்கச் செய்து காட்டினார். ஆசிரியர் மனம் மாறினார். அந்தப் பத்திரிகை நிறுவனமே 1932-இல் ஏர் கேம்பர் விமானத்தின் வரைபடங்களை வெளியிட்டது.

அந்தக் காலத்தை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1929-இன் இறுதியில் அமெரிக்காவில் பொருளாதார வீழ்ச்சி தொடங்கியது. உலகமே அதில் தத்தளித்தது. மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் வேலையின்றிப் பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதை நம் பாட்டன் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். அதே வறுமைக் காலத்தில்தான், கையில் காசில்லாத அமெரிக்கக் கிராமத்து இளைஞர்கள் பழைய கார் எஞ்சினையும் மரச்சட்டத்தையும் வைத்து விமானம் கட்டத் தொடங்கினார்கள்.

சரி, ஏர் கேம்பர் போன்ற ஒரு மர விமானத்தின் உடற்கூட்டை எப்படிக் கட்டுவார்கள்? படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் மரம். ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தை விரும்பித் தேர்ந்தெடுப்பார்கள். எடை குறைவு, வலு அதிகம். மரத்தில் கணு இருக்கக்கூடாது. நார் நேராக ஓட வேண்டும். 15 அங்குல நீளத்துக்குள் நார் ஓர் அங்குலத்துக்கு மேல் சரிந்து போனால் அந்தச் சட்டத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்பது விமான மரவேலையின் விதி. ஏன்? விறகு பிளக்கும்போது கோடரி நாரின் வழியே ஓடுவதை நாம் பார்த்திருக்கிறோம். நார் சரிந்த சட்டம் பாரம் ஏறும்போது அதே வழியில் பிளந்துகொள்ளும்.

இரண்டாவது, தரையில் வரைதல். நீளமான மேசையின்மேல், உடற்கூட்டின் பக்கவாட்டுத் தோற்றத்தை முழு அளவில் கோடு போட்டு வரைவார்கள். நடுவே ஒரு நேர்கோடு. எல்லா அளவுகளும் அந்தக் கோட்டிலிருந்தே எடுக்கப்படும். கோட்டை ஒட்டிச் சிறு மரத்துண்டுகளை ஆணியடித்து வைப்பார்கள். சட்டங்கள் அசையாமல் படுப்பதற்கு அவையே அச்சு.

மூன்றாவது, சட்டங்கள் வைத்தல். ஓர் அங்குலச் சதுரமுள்ள இரண்டு நீளச் சட்டங்கள் மூக்கிலிருந்து வால் வரை ஓடும். ஒன்று மேலே, ஒன்று கீழே. வளைய வேண்டிய இடத்தில் சுடுநீரில் ஊறவைத்து மெல்ல வளைப்பார்கள். இரண்டுக்கும் நடுவே செங்குத்துக் கட்டைகள். ஒவ்வொரு கட்டத்திலும் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு சாய்வுச் சட்டம்.

இந்தச் சாய்வுச் சட்டம் எதற்கு? நான்கு குச்சிகளை நான்கு மூலைகளில் ஒவ்வோர் ஆணி அடித்துச் சதுரமாக்கிப் பாருங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்து சரிந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி வைத்து ஆணியடியுங்கள். இப்போது எவ்வளவு தள்ளினாலும் அசையாது. சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. முக்கோணத்தின் மூன்று பக்கங்களின் நீளம் மாறாத வரையில் அதன் வடிவமும் மாறாது. வேலிக் கதவுக்குக் குறுக்குச் சட்டம் அடிக்கும் நம் தோட்டத்துத் தச்சரும் இதைத்தான் செய்கிறார். கணக்குப் பாடத்தில் முக்கோணம் படித்து என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இந்த நான்கு குச்சிகளைச் செய்து காட்டலாம்.

நான்காவது, இணைப்பு. சட்டங்கள் சந்திக்கும் மூலைகளில் பசை தடவி, எட்டில் ஓர் அங்குலக் கனமுள்ள ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட் துண்டுகளை ஒட்டிச் சிறு ஆணிகளால் பிடிக்க வைப்பார்கள். பாரத்தைத் தாங்குவது ஆணி அல்ல, பசை. பசை காயும்வரை அழுத்திப் பிடிப்பதே ஆணியின் வேலை. அக்காலத்து விமானப் பசை எதிலிருந்து வந்தது தெரியுமா? பாலிலிருந்து! நம் தோட்டங்களில் பால் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ரப்பர் பால்தான். இது பசும்பால். பாலிலுள்ள கேசீன் என்ற புரதத்தைத் தூளாக்கி, சுண்ணாம்புச் சத்துச் சேர்த்து, தண்ணீரில் குழைத்தால் மரத்தைப் பிடிக்கும் பசையாகிவிடும்.

ஐந்தாவது, ஒரு பக்கம் முடிந்ததும் அதன் மேலேயே இரண்டாவது பக்கத்தையும் கட்டுவார்கள். இரண்டும் மயிரிழையும் மாறாமல் ஒத்திருக்க வேண்டும் அல்லவா? பிறகு இரண்டு பக்கங்களையும் எதிரெதிராக நிமிர்த்தி, குறுக்குச் சட்டங்களால் இணைத்து, பின்முனைகளை வாலில் ஒன்றாகக் கூட்டுவார்கள்.

இங்கேதான் பொறுமை வேண்டும். மூக்கின் நடுவிலிருந்து வாலின் நடுவரை நூல் பிடிக்க வேண்டும். தூக்குக்குண்டு தொங்கவிட்டுச் செங்குத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் கட்டம் சதுரம். ஓர் அளவு கூடி ஓர் அளவு குறைந்தால் கூடு முறுகியிருக்கிறது. முறுகிய கூட்டில் பொருத்திய வாலும் முறுகியே நிற்கும்; விமானம் என்றும் ஒரு பக்கமாகவே இழுக்கும். பசை காய்வதற்கு முன் கண்டுபிடித்தால் தட்டிச் சரிசெய்யலாம். காய்ந்த பிறகு அறுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்து எஞ்சின் தாங்கி, இருக்கை, கட்டுப்பாட்டுக் கம்பிகள், சக்கரங்கள் எல்லாம் வரும். ஏர் கேம்பர் விமானத்தின் சக்கர அச்சை ரப்பர் கயிறு சுற்றிக் கட்டினார்கள். தரையில் மோதும் அதிர்ச்சியை அந்த ரப்பர் வாங்கிக்கொண்டது. உலகச் சந்தைக்கு ரப்பர் அனுப்பிய நாடுகளில் மலாயா அப்போது முன்னணியில் இருந்தது. எந்தத் தோட்டத்துப் பால் எந்த விமானத்துக்குப் போயிற்று என்று யாராலும் சொல்ல இயலாது. ஆனாலும் அந்தக் காலத்து விமானச் சக்கரங்கள் தரையைத் தொட்டபோது, விடியற்காலை இருட்டில் மரம் வெட்டிய நம் முன்னோரின் உழைப்பும் எங்கோ சேர்ந்து தாங்கியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

கடைசியாக, கூட்டின்மேல் பருத்தித் துணி போர்த்தி, டோப் என்ற மெருகெண்ணெய் பூசுவார்கள். அது காயக்காயத் துணி இறுகி மத்தளத் தோல்போல் விறைக்கும். சட்டம், மூலை, பசை எல்லாம் மறைந்துவிடும். வெளியே அழகான விமானம் நிற்கும்.

நேயர்களே, இந்த ‘மறைந்துவிடும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். மறைந்து கிடப்பதே பறப்பவனைத் தாங்குகிறது. மறைந்த இடத்தில் கோளாறு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் சொல்வோம்.

முதலாவது, தொழிற்சாலையில் செய்த பெரிய விமானம். 1931 மார்ச் 31-ஆம் நாள், அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஃபொக்கர் பயணி விமானம் ஒன்றின் மர இறக்கை நடுவானில் முறிந்தது. எட்டுப் பேர் மாண்டனர். அவர்களில் ஒருவர் புகழ்பெற்ற அமெரிக்கக் காற்பந்துப் பயிற்றுநர் நூட் ராக்னி. இறக்கைக்குள் ஈரம் புகுந்து பசை இணைப்புகளை வலுவிழக்கச் செய்ததே காரணம் என்று கருதப்பட்டது. இறக்கையைப் பிரிக்காமல் உள்ளே பார்க்க வழியில்லாதபடி அது மூடப்பட்டிருந்தது. இதற்குப் பிறகு மர இறக்கைகளுக்குக் கடுமையான சோதனைகள் வந்தன. பயணி விமானங்கள் விரைவில் உலோகத்துக்கு மாறின. ஆக, கோளாறு வீட்டுக் கொட்டகையில் மட்டும் பிறப்பதில்லை.

இரண்டாவது உதாரணம் பிரான்ஸ் நாட்டு ஆன்ரி மினியே. 1893-இல் பிறந்தவர், வானொலித் தொழில்நுட்பம் அறிந்தவர், முறையான விமானப் படிப்பு இல்லாதவர். சாதாரண மனிதன் கட்டக்கூடிய, எளிதாக ஓட்டக்கூடிய சிறு விமானம் வேண்டும் என்று பல ஆண்டுகள் உழைத்தார். அவருடைய பதினான்காவது வடிவம் 1933 செப்டம்பரில் பறந்தது. மக்கள் அதை ‘வானத்துப் பேன்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அதற்குப் ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ என்று பொருள்படும் பெயர் வந்தது.

அதன் உடற்கூடு மிக எளிமையானது. ஒட்டுப்பலகையால் செய்த ஒரு நீண்ட பெட்டி. பின்னால் போகப்போகக் குறுகும். அவ்வளவுதான். விமானத்தின் மொத்த நீளமே சுமார் மூன்றரை மீட்டர். பெட்டி செய்யத் தெரிந்த கைக்கு இதுவும் கைவரும் என்பது மினியேயின் நம்பிக்கை. ஒட்டுப்பலகைப் பெட்டிக்குச் சாய்வுச் சட்டம் அதிகம் தேவையில்லை. பலகையே எல்லாத் திசையிலும் இழுத்துப் பிடித்து, முக்கோணத்தின் வேலையைச் செய்துவிடும். மினியே 1934-இல் முழு விளக்கத்துடன் ஒரு நூல் வெளியிட்டார். 1935-இல் அது ஆங்கிலத்திலும் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தம் சிறு விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து இங்கிலாந்தில் இறங்கினார். பிரான்சிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கானோர் கட்டத் தொடங்கினார்கள்.

பிறகு சாவுச் செய்திகள் வந்தன. விமானம் மூக்கைத் தாழ்த்தும், ஓட்டுபவர் கட்டுப்பாட்டுக் கோலை இழுப்பார், மூக்கு நிமிராது, மேலும் மேலும் தாழ்ந்து தரையில் மோதும். 1936-இல் பிரான்சிலும் இங்கிலாந்திலும் விமானத்தைப் பெரிய காற்றுக் கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். உண்மை தெரிந்தது. இந்த விமானத்துக்கு முன்னால் ஒரு இறக்கை, பின்னால் ஒரு இறக்கை. இரண்டும் மிக நெருக்கம். மூக்கை நிமிர்த்த முன் இறக்கையைச் சாய்த்தால், இரண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியே காற்று விரைந்து பாய்ந்து, பின் இறக்கையின் தூக்குவிசையைக் கூட்டிவிடும். பின்பக்கம் எழுந்தால் மூக்கு என்ன செய்யும்? இன்னும் தாழும். சுமார் 15 பாகைக்கு மேல் மூக்கு தாழ்ந்துவிட்டால் மீள வழியில்லை. அதன் பிறகு பிரிட்டனில் இந்த விமானத்துக்குப் பறக்கும் அனுமதி நிறுத்தப்பட்டது. மினியே குறையைத் திருத்தி வேறு வடிவங்கள் செய்தார். 1965-இல் இறக்கும்வரை இத்துறையிலேயே உழைத்தார். ஆனால் போன உயிர்கள் போனவைதான்.

இதில் நாம் காண வேண்டியது ஒன்று உண்டு. உயிரிழந்தவர்கள் எல்லாரும் மோசமாகக் கட்டியவர்கள் அல்லர். பெட்டி நேராக இருந்தது, பசை பிடித்திருந்தது. ஆனால் அவர்கள் நம்பிய வடிவமே முழுமையாகச் சோதிக்கப்படவில்லை. கைத்திறன் வேண்டும், ஆனால் கைத்திறன் மட்டும் போதாது.

அப்படியானால் முன்பு கேட்ட கேள்விக்கு விடை என்ன? சாதாரண மக்கள் விமானம் கட்டவே கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்களா? சில நாடுகளில் அப்படித்தான் நடந்தது. ஆனால் கதவு மீண்டும் திறந்தது. 1953-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், பால் பொபெரெஸ்னி என்பவரின் முயற்சியால், வீட்டில் விமானம் கட்டுபவர்கள் ஒரு சங்கமாகக் கூடினார்கள். அதுவே சோதனை விமானச் சங்கம். சிறு கூட்டமாகத் தொடங்கிய அது இன்று உலகெங்கும் உறுப்பினர்களைக் கொண்ட பெரும் சங்கம். 1970 முதல் அதன் ஆண்டு விழா விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரில் நடைபெற்று வருகிறது.

அமெரிக்கச் சட்டம் என்ன சொல்கிறது? வேலையின் பெரும்பகுதியைத் தனி ஆட்கள், தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ, தாங்களே செய்திருந்தால் அந்த விமானத்துக்கு அனுமதி உண்டு. கல்விக்காக என்ற சொல் சட்டத்திலேயே இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். ஆனால் அதோடு சில கட்டுப்பாடுகளும் உண்டு. ‘சோதனை விமானம்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். முதலில், பயணி யாரையும் ஏற்றாமல், குறித்த எல்லைக்குள் பறந்து சோதிக்க வேண்டும். அமெரிக்கச் சங்கத்தில் அனுபவமுள்ள ஆலோசகர்கள் கட்டும் இடத்துக்கே வந்து பார்த்துச் சொல்கிறார்கள். பிரிட்டனில் சங்க ஆய்வாளர் கட்டங்கட்டமாகப் பார்த்துக் கையெழுத்திடுகிறார். குறிப்பாகத் துணி போர்த்துவதற்கு முன், மூடுவதற்கு முன், இன்னொருவர் கண் பார்க்க வேண்டும். நம் பிழை நம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்குச் சட்டென்று தெரியும் என்பது மனித இயல்பு அல்லவா?

இந்த ஏற்பாடு வந்த பிறகு வீட்டு விமானம் பெருகியது. பொருள்களும் மாறின. பாலில் செய்த பசைக்குப் பதிலாக ஈரத்தைத் தாங்கும் செயற்கைப் பசைகள் வந்தன. ரிச்சர்ட் வான்குருன்ஸ்வென் என்பவர் 1970களில் தொடங்கிய வடிவங்களில் உடற்கூடு மெல்லிய அலுமினியத் தகடுகளால் ஆனது. ஆயிரக்கணக்கான சிறு கடாவி ஆணிகள் தகடுகளைப் பிணைக்கின்றன. அவர் வடிவமைத்த விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன. 1975-இல் பர்ட் ரூட்டன் கொண்டு வந்த வேரிஈஸி விமானம் பெரும்பாலும் மரத்தாலும் ஆனதல்ல, உலோகத் தகட்டாலும் ஆனதல்ல. நுரைப் பலகையை வெட்டி, இருபுறமும் கண்ணாடி நாரும் பசையும் பூசி உடற்கூடு செய்தார்கள். நடுவில் இலேசான நுரை, வெளிப்புறத்தில் வலுவான நார். மூங்கிலின் தத்துவம் மறுபடியும் வந்துவிட்டது, பார்த்தீர்களா?

இந்த முறையின் உச்சத்தை உலகம் 1986 டிசம்பரில் கண்டது. பர்ட் ரூட்டன் வடிவமைத்து, ஒரு சிறு குழுவினர் கலிபோர்னியாவின் மொஹாவி நகரில் கட்டிய வாயேஜர் என்ற விமானம், எங்கும் இறங்காமல், நடுவழியில் எண்ணெய் நிரப்பாமல், ஒன்பது நாளில் உலகைச் சுற்றி வந்தது. அதை ஓட்டியவர்கள் டிக் ரூட்டன், ஜீனா யேகர் என்ற இருவர். பெரிய நிறுவனங்கள் அதுவரை செய்யாததை ஒரு சிறு பட்டறை செய்து காட்டியது.

செர்ரி குரோவ் கிராமத்துப் பீட்டன்போல் என்ன ஆனார்? அவர் கடைசிவரை தம் கிராமத்திலேயே வாழ்ந்தார். 1960களில் வேறொரு கார் எஞ்சினைத் தம் பழைய வடிவத்தில் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 1984-இல் காலமானார். அவர் கொடுத்த வரைபடத்தைக் கொண்டு இன்றைக்கும் மனிதர்கள் ஏர் கேம்பர் கட்டுகிறார்கள்.

நேயர்களே, இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லாரும் விமானம் கட்டப் புறப்படுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு அரசாங்க அனுமதியும், தேர்ந்த மேற்பார்வையும், பணமும் வேண்டும். ஆனால் இந்த வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் செய்தி விமானத்தோடு முடிவதில்லை.

கையால் வேலை செய்வது படிப்பில் பின்தங்கியவனுக்கு உரியது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மகன் மரவேலையில் நாட்டம் காட்டினால் தாய் தந்தையர் முகம் வாடுகிறது. மகள் வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் அதட்டுகிறோம். எட்டாம் வகுப்போடு நின்ற ஒருவர், படிப்பதை நிறுத்தாமல் கையையும் மனத்தையும் சேர்த்து உழைத்ததால், வானத்தை எட்டினார். பள்ளியை விட்டவர்களுக்கும் அறிவின் கதவு அடைபட்டுவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே சமயம், திறமை இருக்கிறது என்று சோதனையைத் தவிர்க்கக் கூடாது என்பதையும் இதே வரலாறு சொல்கிறது. அளந்து பார், மறுமுறையும் அளந்து பார், மூடுவதற்கு முன் இன்னொருவரை அழைத்துக் காட்டு. மின்கம்பி இழுப்பவருக்கும், வீட்டுக்குக் கூரை போடுபவருக்கும், மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பழுது பார்ப்பவருக்கும் இந்த விதி பொருந்தும். அங்கெல்லாமும் மறைந்து கிடக்கும் வேலையை நம்பித்தான் இன்னொருவர் உயிர் இருக்கிறது.

அறிவை எல்லார்க்கும் திறந்து கொடுக்கலாமா என்று கேட்டோம். கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அதோடு, செய்த வேலையைப் பிறர் கண்ணுக்குத் திறந்து காட்டும் நேர்மையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். வீட்டிலே இரண்டு பிள்ளைகள் இருந்தால், நான்கு குச்சிகளும் நான்கு ஆணிகளும் கொடுத்துச் சதுரம் செய்யச் சொல்லுங்கள். அது ஏன் ஆடுகிறது என்று அவர்களே யோசிக்கட்டும். ஐந்தாவது குச்சியை எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்கும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். ஒருவர் செய்ததை மற்றவர் ஆட்டிப் பார்த்துச் சரியா என்று சொல்லட்டும்.